உத்தம மார்தவமும் பாராட்டு வில்லையும்



தசலக்ஷண பர்வத்தில் நாம் போற்றும் பத்து அறங்களுள் முதலாவது பொறுமை, இரண்டாவது மார்தவம். மார்தவம் என்பது மென்மை. மானம் என்னும் கஷாயம் தணிந்த உள்ளத்தின் இயல்பு அது. வெயிலில் இறுகிய களிமண்மீது எத்துணை மழை பெய்தாலும் நீர் வழிந்தோடிவிடும். பதப்பட்ட மண்ணே நீரை உள்வாங்கி விதைக்கு உயிரூட்டும். அறவுரையும் அவ்வாறே, செருக்கினால் இறுகிய நெஞ்சில் அது தங்காது.

இவ்வறத்தை எண்ணும்பொழுது ஒரு வினா நம்முன் வந்து நிற்கிறது. ஞாயிறுதோறும் நடைபெறும் அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. ஜினாலயத் திருப்பணிக்கு அழைத்தால் வழக்கமாக வருவோர் நால்வர் மட்டுமே வருகின்றனர். இளைஞர் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைப்பின் பொருட்டுச் சென்றுவிட்டனர். திருவிழா நாளில் நிரம்பி வழியும் ஆலயம் மறுநாள் காலையில் பூசை செய்பவர் ஒருவரோடு தனித்து நிற்கிறது. இந்நிலையில், தொண்டு செய்வோருக்கும் தவறாது வரும் பிள்ளைகளுக்கும் வில்லை, பதக்கம், பட்டம், சான்றிதழ் முதலியன வழங்கினால் ஆர்வம் பெருகுமன்றோ என்று சிலர் கேட்கின்றனர். அவ்வாறு வழங்குவது மானத்தை வளர்ப்பதாகும், அது நம் நெறிக்கு அடாது என்று வேறு சிலர் மறுக்கின்றனர். இருசாராரும் நம் சமூகத்தின்பால் அன்புடையவர்களே. ஆகவே இவ்வினாவை நம் ஆகமங்களின் ஒளியில் வைத்து ஆராய்வோம்.

பாராட்டுதல் பாவமா?

பாராட்டு என்பதே ஆகாது என்று நம் முன்னோர் கூறவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் விரதியின் உள்ளத்தில் நிலைபெற வேண்டிய நான்கு பாவனைகளைக் கூறுகிறார். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் மிக்கோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், திருத்தவியலாதோரிடத்து நடுவுநிலை. இவற்றுள் இரண்டாவதாகிய பிரமோதமே பாராட்டின் வேர். பிறர் நற்குணம் கண்டவிடத்து முகம் மலர்வதும், அம்மலர்ச்சி சொல்லாக வெளிப்படுவதும் விரதத்தை உறுதிப்படுத்தும் என்பது இதன் கருத்து.

அதே நூலில் கோத்திரவினை கட்டுறும் காரணங்களும் கூறப்பெற்றுள்ளன. தன்னைப் புகழ்தல், பிறரை இகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை இருப்பதாகக் காட்டுதல் ஆகியவை தாழ்ந்த கோத்திரத்தைக் கட்டும். இவற்றுக்கு மாறானவையும், பணிவும், செருக்கின்மையும் உயர்ந்த கோத்திரத்தைக் கட்டும். இதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். புகழ்ச்சி என்னும் ஒரே செயல், எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதைப் பொறுத்து வினைப்பயனில் வேறுபடுகிறது. பிறரை நோக்கிச் சென்றால் ஏற்றம். தன்னை நோக்கித் திரும்பினால் தாழ்வு. நல்லவரின் நற்குணத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பவர், தாம் பணிவுடையவர் என்று எண்ணிக்கொண்டாலும், குணத்தை மறைத்த குற்றத்துக்கு ஆளாகின்றார்.

நாள்தோறும் நாம் ஓதும் பஞ்சநமஸ்கார மந்திரத்தை எண்ணிப் பாருங்கள். அதில் ஒருவருடைய பெயரும் இல்லை. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று நிலைகளையே வணங்குகிறோம். அந்நிலைகளுக்கு உரிய குணங்களையே போற்றுகிறோம். ஆளைப் புகழும் சொல் அவரோடு முடிந்துவிடும். குணத்தைப் புகழும் சொல்லோ கேட்பவர் உள்ளத்திலும் அக்குணத்தை விதைக்கும்.

பூசையும் ஒரு மதமே

பாராட்டுதல் நன்று எனினும், பாராட்டப்பெறுதல் இடர் நிறைந்தது. நம் காஞ்சி நகரோடு மரபுவழியே தொடர்புபடுத்திப் போற்றப்பெறுபவர் ஸ்ரீசமந்தபத்திர ஆசாரியர். அவர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் பொருளைத் தமிழில் தருவதே நம் இல்லங்களில் பயிலப்பெறும் அருங்கலச்செப்பு. நற்காட்சியைக் கெடுக்கும் எட்டு மதங்களை ஆசாரியர் எண்ணிக் காட்டும்பொழுது, அறிவு, பூசை, குலம், ஜாதி, வலிமை, செல்வம், தவம், உருவம் என்று நிரல்படுத்துகிறார். இவற்றுள் இரண்டாவதாக நிற்கும் பூசை என்பது, பிறரால் சிறப்பிக்கப் பெறுதல். அறிவினால் வரும் செருக்குக்கு அடுத்த இடத்தையே சிறப்பினால் வரும் செருக்குக்கு அவர் அளித்துள்ளார். இன்று நாம் மேடையேற்றிச் சூட்டும் மாலையும், மார்பில் குத்தும் வில்லையும் இந்தப் பூசை என்னும் சொல்லுக்குள் அடங்கியவையே.

மேலும் இரு தீங்குகள் உண்டு. ஒன்று நிதானம் என்னும் முள். மாயை, மித்யாத்துவம், நிதானம் ஆகிய மூன்று முட்கள் நீங்கியவனே விரதி. செய்த நற்செயலுக்குப் பயன் விரும்பி நிற்பது நிதானம். காலில் முள் தைத்தவன் நடந்துகொண்டுதான் இருப்பான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் அவன் நினைவு முள்ளின்மீதே இருக்கும். விருதை நினைந்து தொண்டு செய்பவர் நிலையும் அத்தகையதே.

மற்றொன்று மாற்சரியம். விருந்தினருக்குப் பகுத்தளிக்கும் விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக இதனை ஆகமம் கூறுகிறது. வேறொருவர் கொடுப்பதைக் காணப் பொறாமல் கொடுப்பதும், மதிப்பின்றிக் கொடுப்பதும் மாற்சரியம். கொடை அளிக்கப்பட்டுவிட்டது, கை வெறுமையாயிற்று, எனினும் அறம் கைகூடவில்லை. பூசைப் பொருள்களுக்கு ஏலம் கேட்கும்பொழுது ஒருவர் குரலை மற்றொருவர் குரல் விஞ்சுவதைக் கண்டவர்களுக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பருத்திக்குன்றத்துச் சாசனங்கள்

அவ்வாறாயின், நம் ஆலயங்களின் கல்லிலும் செம்பிலும் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளனவே, அது புகழ்விருப்பம் அன்றோ என்று கேட்கலாம். தக்க வினாவே.

வேகவதியாற்றின் கரையில் ஜினகாஞ்சி என்று வழங்கும் திருப்பருத்திக்குன்றம், திரைலோக்கியநாதப் பெருமானின் திருக்கோயிலால் விளங்குகிறது. பருத்திக்குன்றில் இருந்த வர்த்தமானப் பள்ளியைச் சார்ந்த வஜ்ரநந்திக் குரவருக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஊர் ஒன்றைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. விஜயநகர ஆட்சியில் தண்டநாயகராக விளங்கிய இருகப்பர் 1382ஆம் ஆண்டில் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அளித்தார். 1387-88இல் இங்குள்ள சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அவரே விஜயநகரத் தலைநகரில் 1385ஆம் ஆண்டில் குந்துநாதருக்குக் கற்கோயில் எடுத்தவர். நானார்த்த ரத்னமாலை என்னும் சொற்பொருள் நூலை இயற்றியவர். படை, பதவி, புலமை மூன்றும் ஒருங்கே வாய்த்தவர். அத்தகையவர் மண்டபம் கட்டிய செய்தியைக் கூறும் சாசனம், தம் ஆசிரியராகிய புஷ்பசேன முனிவரின் சொற்படி அதனைக் கட்டினார் என்கிறது. ஊர் கொடுத்த சாசனமோ, புக்கராயரின் புண்ணியத்தின் பொருட்டு அக்கொடை அளிக்கப்பட்டது என்கிறது. தம் பெயர் நிற்கும் இடத்திலேயே ஆசிரியரையும் அரசரையும் முன்னிறுத்திவிட்டார்.

கல்வெட்டின் முதன்மையான பயன் புகழ் அன்று, காவல். எந்த நிலம், எதற்காக, யாரால் அளிக்கப்பட்டது என்பதைப் பின்வருவோர் அறிந்தால்தான் அந்த அறம் அழியாது நடக்கும். இதனை உணர்ந்த நம் முன்னோர், இவ்வறத்தைக் காப்பவருடைய பாதம் என் தலைமேல் இருப்பதாக என்னும் பொருள்பட முடியும் வாசகத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் பொறித்துவைத்தனர். சிந்தியுங்கள். கொடுத்தவர் தம் தலையைத் தாழ்த்துகிறார். யாருக்கு? இன்னும் பிறவாத ஒருவருக்கு, பெயரறியாத ஒருவருக்கு, விளக்குக்கு நெய் வார்த்து, தரையைத் துடைத்து, அறத்தைத் தொடரப் போகும் எளியவர் ஒருவருக்கு. கொடுத்தலினும் காத்தலே பெரிது என்னும் இவ்வுணர்வே மார்தவம்.

அதே சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ஆதிபகவன், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. காட்சிகளின் கீழே அவை இன்னவை என்று விளக்கும் வரிகளும் உண்டு. அண்ணாந்து நோக்கி வியப்பவர் எவரும் தீட்டியவரின் பெயரைக் கேட்பதில்லை. எனினும் அக்கைகளின் தொண்டு நம்மை இன்றும் வழிப்படுத்துகிறது.

இடம் கிடைக்காத மலை

பெயர் பொறிக்கும் ஆசை சக்கரவர்த்தியையும் விட்டதில்லை. ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி, தம் வெற்றியைப் பொறித்துவைக்க விருஷபாசலம் என்னும் மலையை அடைந்தார் என்று மகாபுராணம் கூறுகிறது. தமக்கு நிகரானவர் எவருமில்லை என்று எண்ணிச் சென்றவர், மலையை நோக்கித் திகைத்தார். முன்பு வாழ்ந்து மறைந்த சக்கரவர்த்திகள் பலருடைய பெயர்கள் அங்கே நிறைந்திருந்தன. தம் பெயரை எழுத ஓர் இடமும் இல்லை. முடிவில் ஒரு மன்னனின் பெயரை அழித்து, அவ்விடத்தில் தம் பெயரைப் பொறித்தார். பொறித்த கையே, இதுவும் நாளை அழிக்கப்படும் என்பதை அவருக்குக் கற்பித்தது. நாம் வழங்கும் பட்டங்களின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது சிரவணபெளகொளாவின் கதை. கங்கர் அமைச்சர் சாவுண்டராயர் ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள கோமடேசுவரர் திருவுருவத்தை அமைத்து, 981ஆம் ஆண்டளவில் திருமுழுக்குச் செய்வித்தார். குடம் குடமாகப் பால் சொரிந்தும் அது பெருமானின் தொடைக்குக் கீழே இறங்கவில்லையாம். செய்து முடித்தோம் என்னும் செருக்கு அவர் உள்ளத்தில் எழுந்திருந்தது என்பது வழிவழிக் கதை. அப்பொழுது மூதாட்டி ஒருத்தி, குள்ளகாய் என்னும் சிறு காயின் ஓட்டில் சிறிதளவு பால் ஏந்தி வந்தாள். அவள் வார்த்த பால் திருமுடி முதல் திருவடி வரை நனைத்துக் குன்றின்மேல் வழிந்தோடியது. குள்ளகாயஜ்ஜி என்று அழைக்கப்பெறும் அவளுடைய உருவம் இன்றும் அப்பெருமானின் எதிரே வாயில்புறத்தில் நிற்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகத்துக்கு, 2018ஆம் ஆண்டில் சென்றவர்களும் அவளைக் கடந்தே உள்ளே சென்றனர். சிலை எடுத்தவரை மட்டும் போற்றாது, சிறு காயில் பால் கொணர்ந்தவளையும் நிலைநிறுத்திய மரபு நம்முடையது. பாராட்டு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இதுவே அளவுகோல்.

பிள்ளைகளின் உள்ளம்

இனி, பிள்ளைகளுக்கு வில்லை வழங்குவது பற்றிக் கல்வியாளர் கண்டதையும் கேட்போம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் செய்த ஆய்வு 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறு குழந்தைகளை அவர்கள் மூன்று பிரிவினராக்கினர். வரைந்தால் பொன்னிற முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று ஒரு பிரிவினரிடம் முன்னரே கூறினர். மற்றொரு பிரிவினருக்கு, முன்னறிவிப்பின்றி, வரைந்த பின்னர் அதே சான்றிதழை வழங்கினர். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் வழங்கவில்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபொழுது யார் தாமாக வரைகின்றனர் என்று கவனித்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் ஏனையோர் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராது பரிசு பெற்றவர்களின் விருப்பமோ குறையவில்லை.

நிதானம் ஒரு முள் என்று நம் ஆசாரியர்கள் கூறியதன் பொருள் இங்கே கண்கூடாக விளங்குகிறது. முன்னரே காட்டப்பட்ட பரிசு, செயலின் இன்பத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பின்னர்க் கிடைத்த பாராட்டு அவ்வாறு செய்வதில்லை.

எனினும் சின்னங்கள் யாவும் தீயவை என்று முடிவு செய்யலாகாது. பேடன் பவல் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியே உலகெங்கும் பரவிய சாரணர் இயக்கத்தில், முதலுதவி கற்ற சிறுவன் அதற்குரிய சின்னத்தை அணிகிறான். இடர் நேரும்பொழுது யாரை அழைக்கலாம் என்று அது பிறருக்குக் காட்டுகிறது. அங்கே சின்னம் ஒரு கடமையின் அடையாளமாகிறது. வில்லையைப் பெற்றவருக்கு அதனால் வேலை கூடுகிறதா, வீம்பு கூடுகிறதா என்று வினவினால் அதன் தகுதி தெரிந்துவிடும்.

நம் நெறியிலும் படிநிலைகள் இல்லாமல் இல்லை. சிராவகருக்குரிய நிலைகள் பதினொன்று. நற்காட்சியில் தொடங்கி, விரதம், சாமாயிகம், உபவாசம் என்று மேலேறி, இரவுணவு ஒழித்தல், பிரமசரியம், தொழில் விடுதல், உடைமை விடுதல், இசைவு தருதலையும் விடுதல் என்று சென்று, தமக்கென்று சமைத்த உணவையும் துறக்கும் நிலையில் அது முடிகிறது. உலகியல் விருதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பதக்கம் கூடும். நம் படிகளிலோ ஏற ஏற உடைமை குறையும். உச்சியில் நிற்கும் சிராவகருடைய உடலில் கோவணம் ஒன்றே எஞ்சியிருக்கும். வில்லை குத்தவும் துணி இராது! நம் பிள்ளைகளுக்கு முதற்படியில் கைகொடுக்கலாம். ஆயினும் படிகள் எத்திசையில் செல்கின்றன என்பதை மறவாதிருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆகவே, பாராட்டை விலக்க வேண்டியதில்லை. அதனை அறத்தின் வழியில் நிறுத்த வேண்டும். அதற்குச் சில நெறிகளை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, பரிசை முன்னர் அறிவித்து ஆள் சேர்க்க வேண்டா. தொண்டு நிகழட்டும், பின்னர்க் குணத்தைச் சுட்டிப் பாராட்டுவோம். சிறந்த மாணவன் என்று சொல்வதினும், சிறியவனுக்குத் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்த பின்னரே தான் பருகினான் என்று சொல்வது பன்மடங்கு பயன் தரும்.

இரண்டாவதாக, பணத்தின் அளவுக்கேற்பப் பாராட்டின் அளவை வகுக்க வேண்டா. வரவு செலவைத் தெளிவாகப் பதிவு செய்வது கடமை. ஆனால் ஆயிரம் தந்தவருக்குச் சிறிய எழுத்தும், இலட்சம் தந்தவருக்குப் பெரிய எழுத்தும் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, மறைந்திருப்போரைத் தேடிப் பாராட்டுவோம். நம் நகரத் தறிகளை நோக்குங்கள். கோர்வை முறையில் புடவையின் உடலையும் கரையையும் இணைத்து நெய்யும்பொழுது, தறியின் ஒரு பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளுகிறார். அவரின்றிக் கரை பொருந்தாது. எனினும் நெய்தவர் யார் என்று கேட்போர் துணையாளைக் கேட்பதில்லை. பூசைப் பாத்திரம் விளக்குபவர், விருந்துக்குத் தானியம் புடைத்து உயிர் நீக்கித் தருபவர், முதியோரை ஆலயத்துக்குக் கைப்பிடித்து அழைத்து வருபவர் ஆகியோர் நம் சமூகத்தின் துணையாட்கள். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

நான்காவதாக, பாராட்டுக்குரிய பொருள் அகிம்சைக்கு இயைந்ததாக இருக்கட்டும். ஒரு பட்டுப் புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன. அறம் செய்தார் என்று போற்றி, அவர் தோள்மீது அவ்வுயிர்களின் இறுதி ஆடையைப் போர்த்தலாமா? காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் இவ்வுயிர்க்கொலையை எண்ணிப் பட்டைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தினார். அந்து வெளியேறிய பின்னர் நூலெடுக்கும் அகிம்சைப் பட்டும், ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையாவின் முயற்சியால் உருவாகியுள்ளது. பட்டு நெய்து வாழும் எளியோரை நாம் பழிக்கவில்லை. நம் பெருமான் எழுந்தருளிய ஊர் பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்பதால், பருத்தித் துண்டு ஒன்றோ அறநூல் ஒன்றோ நமக்குப் போதும் என்கிறோம்.

ஐந்தாவதாக, பாராட்டுப் பெற்றவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்போம். நமஸ்கார மந்திரத்தைப் பிழையின்றி ஓதும் சிறுமி, அதனை இன்னொரு குழந்தைக்குக் கற்பிக்கட்டும். அவள் அணியும் வில்லை அப்பொழுது கடமையின் அடையாளமாகும். பாராட்டப்பெறுவோர் தமக்குத் துணைநின்ற ஒருவரை அவையில் பெயர் சொல்லி நன்றி கூறும் வழக்கமும் வேண்டும்.

இறுதியாக, வராதவரை நாணச் செய்யும் கருவியாகப் பாராட்டு ஆகிவிடக் கூடாது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் குறை மறைத்தலும், தளர்ந்தாரை நிலைநிறுத்தலும், வாத்ஸல்யமும் உள்ளன. கன்றிடத்துப் பசுவுக்குள்ள அன்பே வாத்ஸல்யத்துக்கு உவமை. கன்று தொழுவத்துக்கு வரவில்லையென்றால் பசு அதனைத் தேடிச் செல்கிறது. வந்த கன்றுக்கு மணி கட்டிக்கொண்டிருப்பதில்லை. மூன்று வாரம் வகுப்புக்கு வராத பிள்ளையின் இல்லத்துக்கு நாம் சென்று, உடல் நலமா, தேர்வா, வழித்துணை இல்லையா என்று கேட்பது நூறு வில்லைகளினும் உயர்ந்தது.

அன்பர்களே! நம் ஆலயங்கள் நாளையும் திறந்திருக்க வேண்டுமாயின் தொண்டர்கள் வேண்டும். அவர்களை வரவழைப்பது அன்பு. வந்தவர்களை நிலைநிறுத்துவது மதிப்பு. நிலைத்தவர்களைக் காப்பது மார்தவம். இம்மூன்றும் இருக்குமிடத்தில் வில்லை கொடுத்தாலும் தீங்கில்லை, கொடாவிடினும் குறைவில்லை. வரும் வாரம் நாம் ஆலயத்துக்குச் செல்லும்பொழுது, இதுகாறும் எவரும் பாராட்டாத ஒருவரிடம் சென்று, அவர் செய்யும் பணியைப் பெயர் சொல்லி, கைகூப்பி ஒரு நன்றி கூறுவோமாக. இவ்வறத்தைக் காப்பவரின் பாதம் நம் தலைமேல் இருப்பதாக!

ஜினதர்மம் ஓங்குக! அகிம்சை அறம் வெல்க!